கடலுக்கும் தாகம் எடுக்கும்

முதலில் செத்தது ஓவசியர். சிவப்பிலும் வெள்ளையிலும் கோடு போட்ட ஓர் இறால் அது. றோட்டு வேலையை மேற்பார்க்க வருகிற ஓவசியரைப்போல, நீண்ட வெள்ளை மீசையை ஆட்டிக்கொண்டு நாள் முழுக்க மீன்தொட்டியைச் சுற்றிப் பார்க்கும், ஒரு வேலையும் செய்யாது. அதனால்தான் என் கணவர் பிரியந்தன் அதற்கு அப்படியொரு பெயர் வைத்திருந்தார். ஒரு காலையில் அது மணலில் மல்லாந்து கிடந்தது. பிரியந்தன் செத்து அப்போது இரண்டு கிழமைகூட ஆகியிருக்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும். அழுகை பிறகு, ஆறுதலாக, ஆட்களில்லாத இடம் பார்த்து வரும். "நீயுமா?" என்று இறாலைத் திட்டிவிட்டு அதைக் கரண்டியால் அள்ளி எடுத்தேன்.

வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடியில் எங்கள் பிளட். குசினி யன்னலால் எட்டிப் பார்த்தால் ரயில் பாதையும் அதற்கப்பால் கடலும் தெரியும். இவ்வளவு கிட்டக் கடலை வைத்துக்கொண்டு ஹோலுக்குள் இன்னொரு கடல் எதற்கு என்று நான் கேட்காத நாளில்லை. பிரியந்தன் சிரிப்பார். சாப்பிட்ட கோப்பையைக் கழுவத் தெரியாத மனிதர், அந்தச் சின்னக் கண்ணாடித் தொட்டியை மட்டும் நாளுக்கு இரண்டு தரம் துடைப்பார். உப்பு அளப்பார், சூடு பார்ப்பார், நீல வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பார். உள்ளே பவளக்கற்கள், அவற்றின்மேல் பூப்போல விரிந்து சுருங்கும் பவளங்கள், நாலைந்து நத்தைகள், ஓவசியர், பிறகு ஒரு சோடி செம்மஞ்சள் மீன்கள். அந்தச் சோடிக்கு மாமி வைத்த பெயர் மாப்பிள்ளை பொம்பிளை. பெரியது பொம்பிளை. அதுதான் மற்றதைக் கலைத்துக் கலைத்துக் கடிக்கும். "எங்கட வீட்டைப் போலத்தான்" என்று பிரியந்தன் சொல்லுவார், எனக்குக் கேட்கும்படியாக.

மாமி என்றால் பிரியந்தனின் அம்மா, சிவக்கொழுந்து. கலியாணம் முடித்த நாளிலிருந்து எங்களோடுதான் இருக்கிறா. பெரிய சண்டையுமில்லை, பெரிய வாரப்பாடுமில்லை. விடிய எழும்பித் தேத்தண்ணி போட்டுக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருப்பா. அந்த நேரம் மகன் ஒரு ஜக்கில் நல்ல தண்ணி கொண்டுவந்து தொட்டிக்குள் விடுவார். ஒரு நாள் மாமி கேட்டா.

"உப்புத் தண்ணிக்குள்ள ஏன் தம்பி நல்ல தண்ணி விடுறாய்?"

விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் விடாவிட்டால் தொட்டியில் உப்புக் கூடிவிடும். நான் இரசாயனம் படிப்பிக்கிறவள், ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பேன். பிரியந்தன் அப்படிச் சொல்லவில்லை.

"கடலுக்கும் தாகம் எடுக்கும் அம்மா" என்றார். மாமிக்கு அந்தப் பதில் நன்றாகப் பிடித்துப்போனது.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் தொட்டிக்குள் முழங்கை வரை கைவிட்டுக்கொண்டு நின்றார். சிநேகிதர் ஒருவர் கொடுத்த பச்சைப் பவளத் துண்டொன்றைக் கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தார். பெருவிரல் நகமளவுதான் இருக்கும். "இது பிடிச்சிட்டால் வருசக் கடைசியில ஒரு கை அகலத்துக்கு வந்திடும் சாம்பவி" என்றார். நான் வினாத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்க்கவில்லை. மாமி சாமியறையிலிருந்து கூப்பிட்டா.

"தம்பி, விளக்குக்கு நல்லெண்ணெய் முடிஞ்சுது. ஒருக்கா வாங்கிக்கொண்டு வாறியே?"

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா. இது ஒட்டுப்படட்டும்."

"இருட்டப் போகுதடா. விளக்கு வைக்க வேணும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். காலி வீதியைக் கடக்கும்போது, ஒன்றையொன்று முந்த ஓடிவந்த இரண்டு பஸ்களில் ஒன்று அடித்தது. களுபோவிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பொலிஸ் தந்த பைக்குள் அவருடைய போனும் பேர்ஸும் இருந்தன. நல்லெண்ணெய்ப் போத்தலும் இருந்தது. அதற்கு ஒரு கீறல் இல்லை. மூடிகூடக் கழலவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதைக் குசினி அலுமாரியின் ஆகப் பின்னால் தள்ளி வைத்தேன். மாமி பார்த்துக்கொண்டு நின்றா. அதைப் பற்றி நானும் கதைக்கவில்லை, அவவும் கதைக்கவில்லை.

ஆனால் ஒரு வசனம் என் தொண்டையில் நின்றது. நீங்கள் அனுப்பாவிட்டால் அவர் போயிருக்கமாட்டார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மாமி தேத்தண்ணிக் கோப்பையை நீட்டும்போதெல்லாம் அது மேலே வரும். நான் கோப்பையை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிடுவேன்.

எங்கள் லிப்டுக்குள் சவப்பெட்டி போகாது. படியில் திருப்புவதற்கும் இடமில்லை. அதனால் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையிலிருந்து நேரே கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோய் எரித்தோம். எண்ணெய் வாங்கப் போன மனிதர் பிறகு வீட்டுக்கு வரவேயில்லை. உடல் கிடந்த இடத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை விளக்கும் தண்ணீரும் வைப்பது எங்களுடைய வழக்கம். உடல் கிடந்த இடமென்று ஒன்று எங்கள் வீட்டில் இல்லை. சாவுக்கு வந்த உறவுகள் படத்துக்கு முன்னால் வையுங்கள் என்றார்கள், அறைக்குள் வையுங்கள் என்றார்கள். மாமி ஒருத்தரையும் கேட்கவில்லை. தொட்டிக்கு முன்னால் நிலத்தைத் தொட்டுக் காட்டினா.

"அவன் எந்நேரமும் இதிலதான் நிண்டவன்."

அதில் ஒரு குத்துவிளக்கு வைத்தா, தேங்காயெண்ணெய் விட்டு. பக்கத்தில் சாமித்தட்டில் இருந்த செப்புப் பேணி நிறையத் தண்ணீர் வைத்தா. ஒவ்வொரு நாளும் விடியற்புறம், நான் எழும்பு முன்னரே, பேணியைப் பழப்புளி போட்டுத் துலக்கிப் புதுத் தண்ணீர் வைத்துவிடுவா. நான் வரும்போது பேணி புதுக்காசுபோல மினுங்கிக்கொண்டிருக்கும். அந்த இடம் எனக்கும் சரியாகவே பட்டது. என் வாழ்க்கையில் மாமியும் நானும் ஒரு சொல்லுப் பேசாமல் ஒத்துப்போன விசயம் அது ஒன்றுதான்.

நான் எனக்குள் ஒரு முடிவெடுத்தேன். தொட்டி சாகக்கூடாது. எங்களுக்குப் பிள்ளையில்லை. அவர் கைபட்டதில் இன்னும் மூச்சு விடுவது இந்தத் தொட்டிக்குள் இருப்பவை மட்டும்தான். அதிலும் அந்தப் பச்சைத் துண்டு. அவர் கடைசியாகச் செய்த வேலை அது. அது பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாமலே போய்விட்டார். எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அவரிடம் நான் கேட்காமலே அவர் சொல்லிக்கொண்டிருந்த விசயங்கள் ஒன்றுவிடாமல் என் மண்டைக்குள் இருந்தன. உப்பைக் கரைத்தேன். தண்ணீரைப் பாதி பாதியாக மாற்றினேன். கண்ணாடியில் அவர் ஒட்டிய கறுப்பு ரேப்தான் அளவு, தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் நல்ல தண்ணீர் விடவேண்டும். நான் பார்த்தபோதெல்லாம் தண்ணீர் ரேப்போடுதான் நின்றது. மழைக்காலம், காற்றில் ஈரம், அதனால்தான் ஆவியாகவில்லை என்று நினைத்தேன். செத்தவீட்டுக்குப் பிறகு வந்த முதல் கிழமை பச்சைத் துண்டு விரிந்தது. நுனிகளில் குட்டிக் குட்டியாகப் பூவிரல்கள். நான் தொட்டிக்கு முன்னால் நிலத்தில் இருந்து, விளக்குப் பக்கத்தில், அழுதேன். மாமி குளிக்கப் போயிருந்தா.

பிறகுதான் ஓவசியர் செத்தது.

அதற்குப் பிறகு நத்தைகள். கண்ணாடியில் ஏறி நிற்பவை ஒவ்வொன்றாகப் பிடியை விட்டு விழுந்தன. நிமிர்த்தி வைத்தால் திரும்பவும் விழுந்தன. பவளங்கள் சுருங்கத் தொடங்கின. காலையில் விரியவேண்டியவை பின்னேரமாகியும் முகம் காட்டவில்லை. பச்சைத் துண்டின் அடி வெளுத்துக்கொண்டு வந்தது.

பிரியந்தனின் தம்பி கிஷாந்த் டொரோண்டோவிலிருந்து போன் எடுப்பான். அந்தியேட்டி செய்ய வருவதற்கு ரிக்கற் போட்டிருந்தான்.

"அண்ணி, உந்தத் தொட்டியை ஒரு கடைக்காரனிட்டக் குடுத்துவிடுங்கோவன். ஏன் தேவையில்லாத ஸ்ட்ரெஸ்?"

"உங்கட அண்ணன்ர சேட்டுகளையும் குடுக்கட்டே? அவற்ற செருப்பு வாசல்ல கிடக்கு, அதையும் கொண்டுபோய்க் குடுக்கட்டே?"

"நான் அப்பிடிச் சொல்லேல்ல அண்ணி."

"அப்ப வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ."

போனை வைத்துவிட்டுக் கண்ணில்பட்டதையெல்லாம் சந்தேகப்பட்டேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மூடியைத் திறந்து பார்த்திருப்பார்கள். கரண்ட் நின்ற பொழுது பம்ப் நின்றிருக்கும். நுளம்புக்கு அடித்த மருந்து காற்றில் வந்திருக்கும். கடைசியில் சாம்பிராணியில் போய் நின்றேன். மாமி நாள்தோறும் பின்னேரம் விளக்கடியில் சாம்பிராணி போடுவா, புகை தொட்டியை மூடும்.

"மாமி, இனி இதில சாம்பிராணி போடக்கூடாது. அந்தப் புகைதான் தண்ணிக்குள்ள இறங்குது."

"செத்த வீட்டில சாம்பிராணி போடாம எப்பிடிப் பிள்ளை?"

"அப்ப இதுகளும் சாகட்டும். உங்களுக்கு அதுதானே வேணும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. மாமி சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தா. அதற்குப் பிறகு புகை இல்லை. சாவு மட்டும் நிற்கவில்லை. பெரிய பவளமொன்று அவிந்த கத்தரிக்காய்போலத் தொய்ந்து, நாறத் தொடங்கியது.

கடைசியில் முஸ்அப்பைக் கூப்பிட்டேன். பிரியந்தன் உப்பும் மீன்சாப்பாடும் வாங்குகிற கடையை நடத்துகிறவர், மாளிகாவத்தைக்காரர். வாயால் பட்டம் விடுகிற ஆள் என்று பிரியந்தனே சொல்லுவார். வந்ததும் படத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"மௌத்தான செய்தியே எனக்கு லேட்டாத்தான் கெடச்ச மிஸ். கடைக்கு வந்தா மூடுற வரைக்கும் போக மாட்டாரு. நல்ல மனிசன்."

பிறகு குட்டிக் கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டார். உப்புச் சரி. சூடு சரி. ஒவ்வொன்றாகச் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்தவர் ஒரு குழாயை மட்டும் யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அது நிறம் மாறியிருந்தது.

"மிஸ், தண்ணில கொப்பர் ஈக்கிது."

"என்ன?"

"கொப்பர், செம்பு. மீனுக்கு வருத்தம் வந்தா அதுல மருந்து ஈக்கி. நீங்க ஏதும் ஊத்தினீங்களா?"

"இல்லை."

"சல்லிக் குத்தி, காசு கீசு ஏதும் உள்ளுக்கு உழுந்திச்சா? வயர் கியர்?"

"ஒண்டும் விழேல்ல. நீங்கள் வித்த உப்பிலதான் இருக்கும். கழிவுச் சாமானை எங்கட தலையில கட்டியிருக்கிறியள்."

"அல்லாக்காக அப்பிடிச் செல்லாதீங்க மிஸ். அதே உப்புதான் நான் கடைல ஈக்கிற டேங்க் எல்லாத்துக்கும் போடுற."

மாமி தொட்டிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் குரலைத் தணித்துக் கேட்டேன்.

"முழுத் தண்ணியையும் மாத்தினா?"

"கல்லு குடிச்சீக்கும் மிஸ். மணலும் குடிச்சீக்கும். நீங்க எத்தின தரம் மாத்தினாலும் அது கொஞ்சம் கொஞ்சமா வெளிய உடும். கல்லு, மணல் எல்லாத்தயும் எறியணும். மீன் ரெண்டும் தாங்கும். மத்த ஒண்டும் தாங்காது."

"இந்தப் பச்சை?"

அவர் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், புதுக் கற்கள் வந்திருக்கின்றன, எனக்கு விலை குறைத்துத் தரலாம் என்று போனைத் திறந்து படம் காட்டத் தொடங்கினார். நான் கதவைத் திறந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் முதல் ரயில் போன சத்தத்தோடு எழும்பிவிட்டேன். பச்சைத் துண்டைப் பார்க்கத்தான் ஹோலுக்கு வந்தேன். வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். மாமி தொட்டி மூடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றா. மற்றக் கையில் செப்புப் பேணி. நேற்று வைத்த தண்ணீரை மெல்ல, ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல், தொட்டிக்குள் சரித்துக்கொண்டிருந்தா.

"குடி அப்பு" என்றா. "குடி."

"என்ன செய்யிறியள் மாமி?"

அவ திடுக்கிடவில்லை. பேணியைச் சரியாக வடியவிட்டு மூடியை இறக்கினா.

"அவனுக்கு வைச்ச தண்ணி பிள்ளை. காலில மிதிபடுற இடத்தில ஊத்தக்கூடாது. யாழ்ப்பாணத்தில எண்டால் வாழையடியில ஊத்துவம். இங்க எங்க ஊத்திறது? சிங்குக்குள்ள ஊத்த எனக்கு மனம் வரேல்ல. கக்கூசுக் குழாயோடயெல்லோ அது போகுது."

"எப்ப தொடக்கம்?"

"முதல் நாளே தொடக்கம். அவன் தானே பிள்ளை சொன்னவன், கடலுக்கும் தாகம் எடுக்கும் எண்டு. அவன் விட்டுக்கொண்டிருந்த தண்ணி நிண்டுபோகக் கூடாது எண்டு நினைச்சன்."

ரேப்போடு நின்ற தண்ணீர் ஞாபகம் வந்தது. மழையென்று நான் நினைத்த தண்ணீர். புதுக்காசுபோல மினுங்கிய பேணி ஞாபகம் வந்தது. வருடா வருடம் நான் கரும்பலகையில் எழுதுகிற பாடம் இது, ஒவ்வொரு காலையும் என் காலடியில் நடந்திருக்கிறது. அப்போதாவது என் கோபத்தை நான் என்மேல் திருப்பியிருக்கலாம். அது எப்போதும் போகிற வழியில்தான் போனது.

"அந்தப் பேணி செப்பு மாமி" என்றேன். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "புளி ஒரு அமிலம். நீங்கள் புளி போட்டுத் தேய்ச்சால் செப்புக் கரையும். பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணியை அதுக்குள்ள வைக்கிறியள், தண்ணிக்குள்ளயும் செப்பு இறங்கும். எங்களுக்கு ஒண்டும் செய்யாது. மீனுக்கும் பெரிசா ஒண்டும் செய்யாது. ஆனா இறாலுக்கு, நத்தைக்கு, இந்தப் பவளத்துக்கெல்லாம் அது நஞ்சு. நேற்று வந்தவர் சொன்னது அதைத்தான். நீங்கள் ஊத்தின தண்ணியாலதான் எல்லாம் செத்தது. ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி நஞ்சு ஊத்தியிருக்கிறியள்."

சொல்ல வேண்டியதற்கு மேலேயே சொல்லிவிட்டேன். அது எனக்கு அப்போதே தெரிந்தது. சொல்லும்போது ஒரு சுகம் இருந்தது, அதையும் மறைக்கமாட்டேன்.

மாமி பேணியைப் பார்த்தா. தொட்டியைப் பார்த்தா, தொய்ந்து கிடந்த ஒவ்வொன்றாக. பச்சைத் துண்டு அதற்குள் முற்றாக வெளுத்து, ஒரு சுண்ணாம்புக் கல்லாக ஒட்டிக்கொண்டிருந்தது. பிரியந்தன் ஒட்டிய பசை மட்டும் விடவில்லை. பிறகு மாமி என்னைப் பார்த்தா.

"இதுவும் நானோ?" என்று கேட்டா.

இதுவும். அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கியது. அலுமாரிக்குப் பின்னால் இருந்த போத்தலை இத்தனை நாளும் அவவும் என்னைப்போலப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறா. நான் கோப்பையை வாங்கிக்கொண்டு திரும்பியபோதெல்லாம், திரும்பியது ஏனென்று அவவுக்குத் தெரிந்திருக்கிறது. நான் தொண்டையில் வைத்திருந்த வசனத்தை அவ தன் நெஞ்சில் வைத்திருக்கிறா.

இல்லை மாமி என்று சொல்லியிருக்கலாம். அது பஸ்காரன் மாமி, நீங்களில்லை என்று சொல்லியிருக்கலாம். அவ அதற்காகத்தான் நின்றா. நல்லாக நேரம் தந்து நின்றா. என் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் அந்த நிமிடம் நான் அப்படித்தான் நினைத்தேன். இதுவும் நீங்கள்தான் என்று.

மாமி பேணியை நிலத்தில் வைத்தா. இரண்டு கைகளையும் சேலைத் தலைப்பில் உள்ளும் புறமும் துடைத்தா, மீன் வெட்டிய கையைத் துடைக்கிறமாதிரி. பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டா.

அன்று பின்னேரம் நான் படிப்பித்துவிட்டு வந்தபோது தொட்டிக்கு முன்னால் விளக்கு எரிந்தது. பக்கத்தில் தண்ணீர் இல்லை. எண்ணெய் வாசம் மாறியிருந்தது. குசினிக்குள் போய் அலுமாரியைத் திறந்தேன். போத்தல் முன்னுக்கு வந்திருந்தது, மூடி திறந்திருந்தது. நல்லெண்ணெயை விட்டு மாமி விளக்கைக் கொளுத்தியிருந்தா.

மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். எப்படிக் கேட்பது? எதற்கென்று கேட்பது? சொன்னது பொய்யென்றால் சொன்னதைத் திருப்பி எடுக்கலாம். செப்பு உண்மை. நான் சோறு போட்டுக் கொடுத்தேன், அவ சாப்பிட்டா. கோப்பையைக் கழுவ எழும்பினா, பிறகு ஏதோ நினைத்து அப்படியே வைத்துவிட்டுப் போனா.

கிஷாந்த் வந்திறங்கினான். அந்தியேட்டியை முகத்துவாரத்தில் செய்தோம், மட்டக்குளி தாண்டி, ஆறு கடலில் விழுகிற இடத்தில். தொட்டிக் கற்களையும் மணலையும் நான் இரண்டு வாளிகளில் கொண்டுபோயிருந்தேன். நஞ்சு குடித்த கல்லைக் கடலில் போடக்கூடாது என்று பிறகுதான் புத்தி சொன்னது. வாளிகள் நாங்கள் வந்த வானுக்குள்ளேயே இருந்தன. கிஷாந்த் எள்ளும் தண்ணீரும் இறைத்து முடித்த பிறகு ஐயர் திரும்பிப் பார்த்தார்.

"தாயாரும் வந்து ஒருக்கா எள்ளுந் தண்ணியும் விடலாம்."

மாமி அசையவில்லை. கைகள் இரண்டும் சேலைக்குள் இருந்தன.

"அம்மா, வாங்கோ" என்றான் கிஷாந்த்.

"வேண்டாம் தம்பி. நீ விட்டது காணும்."

"ஒருக்கா அம்மா. அண்ணாவுக்கு."

"என்ர கையால வேண்டாம்" என்றா. "என்ர கைத்தண்ணி சரிவராது அப்பு."

வெயிலும் களைப்பும் என்று கிஷாந்த் நினைத்திருப்பான். குடையைக் கொண்டுவந்து பிடித்தான். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, எல்லோர் முன்னிலையிலும், அடக்க முடியாமல். கணவனுக்காக அழுகிறாள் என்று பக்கத்தில் நின்ற பெண்கள் என் முதுகைத் தடவினார்கள்.

கிஷாந்த் திரும்பிப் போய்விட்டான். விளக்கு எடுத்த இடத்தில் எண்ணெய் ஊறிய ஒரு வட்டம் மட்டும் நிலத்தில் இருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் கலந்து, மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் திரும்ப விட்டேன். அவை இரண்டும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடித் திரிகின்றன. கல்லில்லை, மணலில்லை, பவளமில்லை. பொம்பிளை மற்றதைக் கலைத்துக் கடிக்கிறது. வெறுங் கண்ணாடிக்குள் மற்றதற்கு ஒளிய இடமில்லை.

மாமி பழையபடி விடிய எழும்பித் தொட்டிக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறா. முன்பு கண்ணாடியில் விரலை வைத்து மீன்களைக் கூப்பிடுவா, இப்போது கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறா. இன்று காலை என்னைக் கூப்பிட்டா.

"பிள்ளை, தண்ணி குறைஞ்சிட்டுது."

நான் ஜக்கில் நல்ல தண்ணீர் கொண்டுவந்தேன். அது பிளாஸ்டிக் ஜக். அதை அவவிடம் நீட்டினேன். என்னால் முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

"நீங்கள் விடுங்கோ மாமி. இது ஒண்டும் செய்யாது."

மாமி ஜக்கைப் பார்த்தா. கைகளை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"நீ விடு பிள்ளை" என்றா. "உன்ர கையால விடு. இதுகளாவது இருக்கட்டும்."